டிரசர் வேலையோடு ஒட்டிக்கொண்டவை

தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர் என்றால் மருந்து கொடுப்பதும் புண்ணுக்குக் கட்டுப் போடுவதும்தான் வேலை என்று சொல்லித்தான் என்னைப் பட்டணத்துப் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். "அப்படியே இதையும் கொஞ்சம் பாத்துடுங்க" என்றதும் தலையாட்டி மாட்டிக்கொண்டவரா நீங்கள்? வாருங்கள், நாம் ஒரே கூட்டம்.

முதல் கடுதாசி

ரப்பர் மரத்தில் பால் வெட்டும் முனியம்மா விரலில் காயத்தோடு வந்தாள். கட்டுப் போட்டு முடித்ததும் மடியிலிருந்து ஒரு கடுதாசியை எடுத்து நீட்டினாள். வந்து ஒரு மாதமாயிற்றாம், படித்துச் சொல்ல ஆளில்லையாம். ஊரிலிருக்கும் அவள் தம்பி இங்கே வரக் கப்பலேறத் தயாராகிறான் என்று எழுதியிருந்தது. அழுதுகொண்டே சிரித்தாள். பதிலும் எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் ஏழு பெண்கள். "யாருக்கு என்ன நோவு?" என்றேன். முன்னால் நின்றவள் சொன்னாள்: "நோவு ஒண்ணும் இல்லீங்க ஐயா, கடுதாசிதான்."

நாலுகால் நோயாளி

ஒரு மத்தியானம், ஆட்களை வேலை வாங்கும் கங்காணி ராமசாமி மூச்சு வாங்க ஓடி வந்தார். அவர் பசுவுக்குக் கன்று பாதியில் நின்றுவிட்டது. "எனக்கு மாட்டு வைத்தியம் தெரியாதே" என்றேன். அவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

பசுவின் கண்ணைப் பார்த்தபின் திரும்பி வர மனம் வரவில்லை. கையில் எண்ணெய் தடவி, உள்ளே மடங்கிக் கிடந்த முன்னங்காலை நிமிர்த்தினேன். இருவரும் சேர்ந்து இழுத்தோம். கன்று வந்து விழுந்து தும்மியது.

அன்றிலிருந்து எனக்குத் தினமும் ஒரு செம்பு பால் வந்தது. பின்னாலேயே நொண்டி ஆடுகளும் வந்தன. "இது மனுஷாளுக்கான ஆஸ்பத்திரி" என்று முறையிட்டேன். கங்காணி அசரவில்லை: "அதுங்களும் நம்ம தோட்டத்து ஆளுங்கதானே, ஐயா?"

கொயினா

இரண்டாம் வருஷம் மலேரியா என்னையே பிடித்தது. ஆறு நாள் நினைவில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு கஞ்சி ஊட்டினார்களாம், நெற்றிக்கு ஈரத்துணி போட்டார்களாம். அவர்களை அந்த வேலைக்கு யாரும் வைக்கவில்லை.

ஏழாம் நாள் கண் விழித்ததும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் மலேரியாவுக்கான கொயினா மருந்து கொடுக்க யாருமில்லையே என்று பதறி எழுந்தேன். கொயினாவைக் கொடுத்தாலே துப்பிவிட்டு ஓடுகிற லயத்து அஞ்சலை, என் தோளைப் பிடித்துப் படுக்க வைத்தாள். "படுங்க ஐயா. எல்லாருக்கும் கொடுத்தாச்சு. மூஞ்சியைச் சுளிச்சவனுக்கு உங்களை மாதிரியே ஏச்சும் கொடுத்தாச்சு."

சொல்லாத வேலையெல்லாம் தலையில் ஏறினால் என்ன ஆகும் என்று கேட்பவர்களை, என்னைப் போல் உயிரோடு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க நேரும் என்று எச்சரித்து வையுங்கள்.