"என்னைத் தெரியுதா?" என்று கேட்ட பால்பாண்டிக்கு

பால்பாண்டி, முதல் குற்றவாளி நீதான். இரண்டாவது ஆள் நான்.

பக்கவாத வார்டில் நர்ஸாக வேலை பார்க்கும் நான், ஒரு நோயாளிக்குப் பேச்சு போய்க்கொண்டிருந்தபோது சிரித்தேன். சிரித்துவிட்டு டீ குடிக்கப் போனேன். பிறகு டாக்டரிடம் பொய் சொன்னேன். இதுதான் நான் செய்தது. சுற்றி வளைக்க எனக்குப் பொறுமை இல்லை.

படிக்கிற நீங்கள் மட்டும் யோக்கியமா? எங்கள் வார்டுக்கு வருகிறீர்கள். ஒரு கையில் ஆரஞ்சு, இன்னொரு கையில் சத்துமாவு டப்பா. வாய் கோணிப் படுத்திருப்பவரின் முகத்துக்கு நேரே குனிந்து, "என்னைத் தெரியுதா? நான் யாரு, சொல்லுங்க பாப்போம்!" என்று கத்துகிறீர்கள். சொல்லிவிட்டால் பாஸ். சொல்லாவிட்டால் அங்கேயே ஒப்பாரி. அடுத்தவர் வந்து அதே கேள்வி... ஒரு மனுஷன் எத்தனை பேருக்குத்தான் பரீட்சை எழுதுவான்?

கேள்வி கேட்பது எங்கள் வேலை ஐயா! பெயர் என்ன, இது எந்த இடம், சிரித்துக் காட்டுங்கள், இரண்டு கையையும் தூக்குங்கள், என் விரலை இறுக்கிப் பிடியுங்கள். முன்பு சொன்ன பதில் இப்போது வரவில்லை என்றால், முன்பு தூக்கிய கை இப்போது தொங்கினால், உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். 'அப்புறம்' என்பதே கிடையாது. புதிதாக வரும் பெண்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான். வெட்கக்கேடு!

சோணைமுத்து அண்ணன் சமயநல்லூரில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். வலது கை கொஞ்சம் தளர்ந்து, பேச்சு லேசாகக் குழறி வந்து சேர்ந்தார். புத்தி தெளிவு. மறுநாளே என்னிடம், "பாப்பா, இந்தக் கட்டிலுக்கு வெல்டிங் வச்சவன் எவன்? அவனத் தூக்கி இதுலயே படுக்கப் போடணும்" என்றார்.

அன்று மாலைதான் பால்பாண்டி வந்தான். அண்ணனின் மனைவி ஈஸ்வரி அக்காவுக்குத் தம்பி. வெள்ளைச் சட்டை, பின்னால் நான்கு பேர்.

"மச்சான், நான் யாரு தெரியுதா?"

அண்ணன் அவனை மேலும் கீழும் பார்த்தார். "தெரியாது."

"மச்சான்! நான்தான் பால்பாண்டி!"

"ஈஸ்வரி, யாரு இந்த ஆளு? பினாயில் ஊத்த வந்தவரா?"

அக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டார். நான் ஓடினேன். டாக்டர் ஓடி வந்தார். மறுபடி ஸ்கேன். புதிதாக ஒன்றும் இல்லை. டாக்டர் தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

கூட்டம் கலைந்த பிறகு அண்ணன் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, இடது கண்ணைச் சிமிட்டினார்.

"அவனத் தெரியாமயா பாப்பா? அவன் மகன் கல்யாணத்துக்கு ரோட்டுல எம்புட்டுப் பெரிய பிளக்ஸ் வச்சான் தெரியுமா? கொழுந்தியா வீட்டு நாயி மொதக்கொண்டு போட்டோல நின்னுச்சு. என் மூஞ்சி இல்ல. அந்தப் பிளக்ஸ நிறுத்துன இரும்புச் சட்டமே நான் அடிச்சுக் குடுத்தது! அவனுக்கு என் மூஞ்சி தெரியல, எனக்கு அவன் மூஞ்சி தெரியல. சரியாப் போச்சு!"

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்போதே டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனா? இல்லை... பால்பாண்டியை வராந்தாவில் நிறுத்தி, "அடிக்கடி வந்து கேளுங்கண்ணே, ஞாபகம் வந்துரும்" என்றேன். எனக்கு நாடகம் பார்க்க ஆசை!

வந்தான் ஐயா, வந்தான்! கல்யாண ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். "இது யாரு மச்சான்?" தெரியாது. மீசையை முறுக்கிக் காட்டினான். தெரியாது. பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். யாருக்கு எந்தப் பக்க உதடு ஏறுகிறது என்று பார்க்க எனக்கும் வசதியாகப் போயிற்று. அண்ணன் ஈஸ்வரி அக்காவிடமும் ரகசியத்தை உடைத்துவிட்டார். தம்பி என்றும் பார்க்காமல் அக்காவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

ஒரு நாள் மாலை பால்பாண்டி வரவில்லை. அக்கா இட்லியைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"சட்னி தொட்டுக்கிறீங்களா?"

"தெரியாது."

"அட, நான் யாருங்க?"

"தெரியாது."

"பாருங்க சிஸ்டர், என்னயவே தெரியலங்கிறாரு!"

நான் மேசையிலிருந்தே குரல் கொடுத்தேன். "அண்ணே, அக்காகிட்டயுமா? பாவம்ணே, விட்டுருங்க!"

எழுந்து போய் ஒரு தடவை அவர் கையைத் தூக்கச் சொன்னேனா? முகத்தைப் பார்த்தேனா? டீ குடிக்கப் போனேன். பஜ்ஜியும் சாப்பிட்டேன். ஆற அமர!

திரும்பி வந்தபோது அவருடைய வலது கை கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எப்ப நல்லா இருந்தார்?" என்பது. எங்கள் வார்டில் இதைவிடப் பெரிய கேள்வி கிடையாது. வைத்தியமே அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டுதான் போகும்.

"இப்பத்தான் டாக்டர்... நல்லாப் பேசிட்டு இருந்தார்" என்றேன்.

ஈஸ்வரி அக்கா என்னைப் பார்த்தார். விவரம் தெரிந்தவள், ஏதோ காரணமாகத்தான் சொல்கிறாள் என்று நம்பியிருப்பார். அந்த நம்பிக்கைதான் என்னைத் தின்கிறது!

முன்பே கூப்பிட்டிருந்தால் பேச்சு தங்கியிருக்குமா? தெரியாது. பார்த்தீர்களா... எனக்கும் அதே வார்த்தைதான் வருகிறது!

அண்ணன் பிழைத்தார். கம்பூன்றி நடக்கிறார். ஆனால் அவருக்கு மிஞ்சியது அந்த ஒரே ஒரு சொல். மூளையில் பேச்சுக்குரிய இடம் அடிபட்டால், சிலருக்கு இப்படி ஒரு சொல் மட்டும் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். காபி வேண்டுமா? தெரியாது. வலிக்கிறதா? தெரியாது. கோபம் வந்தாலும் அதேதான், சத்தம் மட்டும் கூடும்.

போன மாதம் செக்கப்புக்கு வந்தார். உங்களையெல்லாம் இத்தனை திட்டு திட்டிய நானே குனிந்து கேட்டேன். "அண்ணே, என்னைத் தெரியுதா?"

"தெரியாது."

அவருடைய இடது கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். சிமிட்டவில்லை. அந்த ஒரு சொல்தான் வந்ததா? இல்லை, பால்பாண்டிக்குக் கொடுத்த தண்டனையை எனக்கும் கொடுத்துவிட்டாரா?

பால்பாண்டி! உன் மகளுக்குக் கல்யாணமாம். மறுபடி பிளக்ஸ் வைப்பாய். அண்ணன் முகத்தைப் பெரிதாக நடுவில் போட்டுத் தப்பித்துவிடலாம் என்று நினைக்காதே. மண்டபத்தில் அவரை முன்வரிசையில் உட்கார வை. பக்கத்தில் ஈஸ்வரி அக்கா இருக்கட்டும். நான் செய்ததை மண்டப மைக்கில் நானும் சொல்கிறேன். ஆனால் முதலில் நீ மேடை ஏறு. அன்று அந்த முகத்தை ஏன் விட்டாய்? மறந்தாயா, வேண்டுமென்றேதானா? ஊர் முன்னால் பதில் சொல்! 'தெரியாது' என்று மட்டும் சொல்லாதே. அந்தச் சொல் அவருடையது.