ஈரலுக்குப் பூக் கேட்டார்கள்

"நாலெழுத்துப் படிச்சவ கண்ணுக்கு மட்டும் அந்தக் கருப்புப் படத்துல ஈரல் தெரியுமாக்கும்?"

மதுரையிலிருந்து திரும்பிய பஸ்ஸில் பெரியப்பா கேட்டார். அப்பா முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய ஸ்கேன் படம் என் மடியில் இருந்தது. அதன் மேல் பெரியப்பா தன் வெற்றிலைப் பையை வைத்திருந்தார். நான் எடுத்து அவர் மடியில் போட்டேன்.

தெரியும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். திண்டுக்கல்லில் கல்லூரிக்குப் போய் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். படத்தில் எனக்குப் பிடிபடாததை டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கேள்வியெல்லாம் நான் கேட்டது. பதிலையெல்லாம் அவர் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

அதற்கு முன்பே ஒரு கோபம் இருந்தது. அப்பாவுக்கு மேல்வயிற்றில் வலி வந்து, பூந்தோட்டத்தில் குனிய முடியாமல் போனபோது, எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். படம் சுத்தமாக இருக்கிறது என்று டானிக் எழுதிக் கொடுத்தார். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும். ஈரலுக்குள் இருக்கும் கட்டி எங்கே தெரியும்? ஆனால் பெரியப்பாவுக்குப் படம் என்றால் படம்தான். வடமதுரைச் சந்தை வரைக்கும் "என் தம்பிக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டார். மதுரைக்குப் போகலாம் என்று நான் சொன்னபோதெல்லாம், ஒரு வயிற்றுக்கு எத்தனை படம் என்று கேட்டார். அப்பா இளைத்துக்கொண்டே போனார். கடைசியில் அவர் சோற்றையே ஒதுக்கிய பிறகுதான் பெரியப்பா மதுரைக்குச் சம்மதித்தார்.

அப்பாவை வெளியே உட்காரவைத்துவிட்டு மதுரை டாக்டர் எங்களிடம் சொன்னது இதுதான். ஈரலின் இடது பக்கத்தில் ஒரே ஒரு கட்டி. புற்றாக இருக்கலாம். வலது பக்கம் இப்போதைக்குச் சுத்தம். கட்டியை வெட்டி எடுக்க வாய்ப்பிருக்கிறது. ஆனால் பெரிய ரத்தக்குழாயை அது தொட்டிருக்கிறதா என்று இந்த மெஷினில் சரியாகத் தெரியவில்லை. மெட்ராஸில் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகுதான் ஆப்பரேஷனா இல்லையா என்று முடிவு செய்யலாம். தாமதிக்க வேண்டாம்.

இவ்வளவிலும் பெரியப்பா காதில் விழுந்தது புற்று என்ற ஒரு சொல்தான். அப்பாவிடம் ஈரல் வீக்கம் என்று மட்டும் சொல்லச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை குலதெய்வக் கோயிலில் பூக் கேட்டார்கள். எங்கள் வீட்டில் கிணறு வெட்டவும் பூதான், கல்யாணத்துக்கும் பூதான். வெள்ளை நந்தியாவட்டையை ஓர் இலையிலும் சிவப்பு அரளியை இன்னோர் இலையிலும் மடித்துக் கட்டிச் சாமி முன் போட்டார்கள். வெள்ளை வந்தால் ஆப்பரேஷன், சிவப்பு வந்தால் வேண்டாம். பூசாரி எடுத்துப் பிரித்ததில் சிவப்பு வந்தது. பெரியப்பா கண்ணை மூடிக் கும்பிட்டார். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. அதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பெரியப்பா, ஆப்பரேஷன் பண்ணணும்னு டாக்டரே இன்னும் சொல்லல. அதச் சொல்றதுக்குத்தான் இன்னொரு படம் கேட்டாரு."

"சாமி சொன்னதுக்கு மேல படமா? பொட்டப்புள்ள வாய மூடு."

"தப்பான கேள்விய கேட்டா சாமி என்ன செய்யும்?"

பெரியப்பா அடிக்க வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. "அவன் எந்தம்பி. அவன் வயித்தக் கிழிக்க நான் சம்மதிக்க மாட்டேன்" என்றார். பயந்திருந்தார் என்று தெரிந்தது. அவர் பயத்துக்காக அப்பாவைப் பறிகொடுக்க முடியுமா?

வீட்டுக்கு வந்ததும், யாரும் எதுவும் கேட்காத ஒரே ஆளிடம் போனேன். அப்பா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், புற்று என்ற சொல்லையும் சேர்த்து. ஜன்னல் வெளிச்சத்தில் படத்தைப் பிடித்துக் காட்டினேன்.

"கட்டி எது?"

விரல் வைத்தேன். அவரும் அதே இடத்தில் விரல் வைத்துப் பார்த்தார்.

"ஊரே பாத்துருச்சு. எனக்கு மட்டும் காட்டல" என்றார். பிறகு, "அந்த மெட்ராஸ் மெஷினு வெட்டலாம்னு சொல்லிருமா, தாயி?"

"முடியாதுன்னும் சொல்லலாம்ப்பா."

"எதுவா இருந்தாலும் எங்கிட்டச் சொல்லணும். போவோம்."

படம் மடங்கிவிடாமல் அம்மா அதைத் தன் பழைய சேலையில் சுற்றிக் கொடுத்தாள். பெரியப்பா கேட்டால் என்ன சொல்ல என்று கேட்டேன். "நாஞ் சொல்லிக்கிறேன்" என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

மறுநாள் பெரியப்பா கோயில் திருநீற்றோடு வீட்டுக்கு வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. மெட்ராஸ் ரயில் அதற்குள் மணப்பாறையைத் தாண்டிவிட்டது. அப்பா ஜன்னலோரம் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். படம் என் மடியில் இருந்தது.