தாண்டிப் போன அப்பத் தட்டு

எங்கள் அக்கா ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு எழுத உட்கார்ந்ததும் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். விசுவாச வீராங்கனை என்று எழுது என்றார் ஒருவர். எதற்கும் கலங்காதவர் என்று எழுது என்றார் இன்னொருவர். படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அப்பட்டமான பொய். அக்கா பயந்த சுபாவம் உள்ளவர். இடி இடித்தால், இளையவளான என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார். அப்படிப்பட்டவர் நடுங்கிக்கொண்டே செய்த ஒரு காரியத்தைத்தான் எழுதப் போகிறேன். எழுதலாமா என்று அத்தானிடம் கேட்டேன். "எழுது, எதையும் மறைக்காத" என்றார்.

அக்கா பிறந்தது கான்சாபுரத்தில். அப்பாவுக்குக் கொஞ்சம் நெல் வயல். அம்மா சீக்கிரமே காலமாகிவிட்டதால் அக்காவின் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. சோறு பொங்குவதும், எனக்குத் தலை பின்னுவதும், ஞாயிறு தவறாமல் என்னைக் கோவிலுக்கு இழுத்துக்கொண்டு போவதும் அவர் வேலையாயிற்று. பின்னலைவிட அவரிடம் நான் வாங்கிய குட்டுதான் அதிகம். ஆனாலும் என்னைப் படிக்க வைத்தது அந்தக் கைதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் இராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்டார். அத்தான் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறியில் வேலை பார்த்தார். தங்கமான மனிதர், அதிர்ந்து பேச மாட்டார். அவர் போய்வந்த ஜெபவீட்டில் மட்டும் ஒரு கண்டிப்பு இருந்தது. மருந்து மாத்திரை கூடாது, தடுப்பூசி கூடவே கூடாது. ஆண்டவரே வைத்தியர், ஊசியைத் தேடிப் போகிறவர் அவரை நம்பாதவர் என்பது அங்குள்ள போதனை. ஊரார் புண்ணுக்கெல்லாம் துணி நெய்த அத்தான், தறியில் தன் விரல் நசுங்கியபோது அந்தத் துணியில் ஒரு சாண்கூடச் சுற்றிக்கொள்ளவில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு அங்கே இயேசுவின் நினைவாக அப்பம் பகிரும் திருவிருந்து. பெண்கள் ஒரு பக்கமும் ஆண்கள் ஒரு பக்கமும் பாயில் உட்கார்ந்திருக்க, அப்பத் தட்டு கைமாறி வரும். மருந்தைத் தொட்டவர்கள் அப்பத்தை எடுக்காமல் தட்டைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிட வேண்டும். யாரும் வாய் திறந்து கேட்பதில்லை. ஆனால் எல்லாக் கண்ணும் பார்க்கும். அந்த வாரமே பாஸ்டர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். உண்மை தெரிந்தால் சபையை விட்டு விலக்கிவிடுவார்கள்.

அக்காவின் மூத்த ஆண் பிள்ளை கக்குவான் இருமலில் போய்விட்டான். தவழ்ந்துகொண்டிருந்த பிள்ளை. சபையார் சுற்றி நின்று ஜெபித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அழுதுகொண்டேதான் ஜெபித்தார்கள். பிள்ளை இருமி இருமி நீலம் பாரித்து, மூச்சை இழுக்க முடியாமல் அக்காவின் மடியிலேயே அடங்கினான். அதற்குப் பிறகு தெருவில் யார் இருமினாலும் அக்கா எழுந்துபோய்க் கதவைச் சாத்துவார்.

அடுத்தது பெண் குழந்தை, வீட்டிலேயே பிறந்தாள். அம்மா இல்லாத குறைக்கு நான் போய்த் தங்கினேன். குழந்தை தும்மினால்கூட அக்கா பதறிப்போவார். ஒரு நாள் அத்தான் தறிக்குப் போன பிறகு என்னிடம் வந்தார்.

"ஏட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் எங்கூட வாரியா? எதுக்குன்னு கேக்காத."

"கேக்கலேன்னா எனக்குத் தெரியாதாக்கும்? ஊசிக்குத்தான?"

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "இங்கன போட்டா சபைக்காரவுக பாத்திருவாக. போடலேன்னா இவளும் அவன மாதிரிப் போயிருவா. போட்டா ஆண்டவரு கோவிச்சுக்கிட்டு எடுத்துக்கிடுவாரோன்னு இருக்கு. எந்தப் பக்கம் திரும்புனாலும் பயமா இருக்கு" என்று சொல்லி அழுதார். முகத்தைக் கழுவச் சொல்லிக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பஸ்ஸில் குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் யார் ஏறுகிறார்கள் என்று பார்த்தபடியே வந்தார். "பிள்ளைக்கு மூச்சு முட்டப் போகுதும்மா, சேலைய வெலக்கிவிடு" என்று கண்டக்டரே சொல்லிவிட்டார். நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா ஊசி மருந்தை ஏற்றிக்கொண்டே, "இதான் தலப்பிள்ளையா?" என்று கேட்டார்.

"இல்லங்க. மூத்தவன் இருந்தான்."

நர்ஸம்மா நிமிர்ந்து பார்த்தார். "பிள்ளையோட கைய இறுக்கிப் பிடிம்மா" என்று மட்டும் சொன்னார். தொடையில் ஓர் ஊசி, இடது தோளில் ஓர் ஊசி. அக்கா கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. "ஆண்டவரே, கோவம்னா எம்மேல காட்டும். பிள்ளைய விட்டிரும்."

தொடையில் போட்டதற்குக் காய்ச்சல் வரும், பயப்படாதே என்று நர்ஸம்மா சொன்னார். தோளைப் பற்றிச் சொல்ல வாயெடுப்பதற்குள் அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். பஸ் போய்விடும் என்ற பயம். அந்த அவசரத்தில் நடந்த தவறு அது. சொன்னபடியே காய்ச்சல் வந்து, இறங்கியும் விட்டது. அப்பாடா என்றிருந்தோம். சில வாரம் கழித்து, ஊசி போட்ட தோளில் ஒரு கொப்புளம் கிளம்பிச் சீழ் பிடித்தது.

அது ஏன் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகு, அந்த ஊசிக்கு அப்படித்தான் புண் வரும், தானே ஆறும் என்று எனக்குச் சொன்னார்கள். அன்று சொல்ல ஆளில்லை. "ஆண்டவரு அடையாளம் போட்டுட்டாரு" என்று அக்கா வெளிறிப்போனார். யாரிடமும் காட்டவும் முடியாது. பிள்ளைக்கு முழங்கை வரை கைவைத்த சட்டையைப் போட்டு மறைத்தார். சாப்பாடு இறங்காமல் துரும்பாக இளைத்துப்போனார்.

ஒரு நாள் காலையில் குழாயடிக்குப் போய்த் தண்ணீரோடு வந்து, புண்ணைக் கழுவப் பிள்ளையின் சட்டையை விலக்கினார். புண்ணின் மேல் ஒரு சின்னக் கட்டு இருந்தது. அத்தான் நெய்கிற அதே வெள்ளைத் துணி, ஓரம் மடித்து நேர்த்தியாகக் கட்டியிருந்தது.

"நீயா கட்டுன?"

"நான் இல்லக்கா."

வீட்டில் எங்களைத் தவிர இருந்தவர் அத்தான் ஒருவர்தான். அவரும் அதற்குள் தறிக்குக் கிளம்பிப் போயிருந்தார். அன்று பகல் முழுவதும் அக்கா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. சாயங்காலம் அத்தான் வந்தார், சாப்பிட்டார், பிள்ளையைக் கொஞ்சினார், கட்டைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. மறுநாளும் அப்படியே. "ஏசித் தொலச்சாக்கூடத் தேவலையே" என்று அக்கா என்னிடம் புலம்பினார். அத்தான் பாஸ்டரிடம் சொல்லப்போகிறார் என்றே நாங்கள் இருவரும் நினைத்தோம். அந்த வாரமே முதல் ஞாயிறு வந்தது. பிள்ளை பெற்றவர் என்று அதுவரை வீட்டோடு இருந்த அக்கா அன்றுதான் மறுபடி ஜெபவீட்டுக்குப் போனார்.

தட்டு முதலில் பெண்கள் பக்கம் வந்தது. பொய்யாக அப்பத்தை எடுக்க அக்காவுக்குத் துணிவில்லை. தட்டை வாங்கிப் பக்கத்துப் பெண்ணிடம் தள்ளினார். எல்லாத் தலையும் திரும்பியது. அக்காவின் உடம்பு கிடுகிடுவென்று ஆடியதை என் தோளில் உணர்ந்தேன். தட்டு ஆண்கள் பக்கம் போனது. அத்தான் கைக்கு வந்தது. அவரும் எடுக்காமல் அடுத்தவரிடம் கொடுத்துவிட்டார்.

"என்ன தம்பி?" என்றார் பாஸ்டர்.

அத்தான் எழுந்து நின்றார். "பிள்ளைக்கு ஊசி போட்டிருக்கோம் ஐயா."

போட்டிருக்கோம் என்றார். பாஸ்டர் கோபப்படவில்லை. பயந்துபோன முகத்தோடு, "கர்த்தருக்கு என்ன பதில் சொல்லுவ?" என்று கேட்டார். அத்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார், நாங்கள் பின்னாலே போனோம். தெருமுனையில் அக்கா, "எம்மேல கோவமா?" என்று கேட்டார். அத்தான் திரும்பாமலே சொன்னார். "அவன் இருமுனது என் காதுலயும் விழுந்துச்சுல்ல."

சபை விலக்கியது. அக்கா பிறந்த வீட்டார் சபையின் பெரிய கோவிலுக்குப் போக ஆரம்பித்தார்கள். அங்கே யாரும் ஊசியைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனால் அக்காவின் பயம் போகவில்லை. பிள்ளைக்கு உடம்பு சுட்டாலே அவள் தோளிலிருந்த தழும்பைத் தடவியபடி ஜெபிப்பார். பயமும் விசுவாசமும் ஒரே நெஞ்சில் குடியிருக்கும் என்பதை அக்காவிடம்தான் பார்த்தேன்.

இருதயக் கோளாறால் படுக்கையில் இருந்த கடைசி நாட்களில், பெரிய கோவில் குருவானவர் ஆஸ்பத்திரிக்கே திருவிருந்து கொண்டுவந்தார். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த கையை அக்கா போர்வைக்குள் மறைத்துக்கொண்டார். அத்தானைப் பார்த்து, "ஊசியோட வாங்கலாமா?" என்று கேட்டார். அத்தான் அந்தக் கையையே மெதுவாக வெளியே எடுத்து, உள்ளங்கையை விரித்துத் தாங்கிப் பிடித்தார். "வாங்கு, நானும் வாங்குதேன்" என்றார். அக்கா வாங்கிக்கொண்டார்.

படுக்கையில் இருந்தபோது கஞ்சி காய்ச்சிக் கொடுத்த தெருக்காரர்களுக்கும், மாறி மாறித் துணையிருந்த தறித் தோழர்களுக்கும், ஆராதனை நடத்திய குருவானவருக்கும், அடக்கத்துக்கு வந்து பின்வரிசையில் நின்று அழுத பழைய ஜெபவீட்டுப் பாஸ்டருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஸ்ரீவில்லிபுத்தூர் நர்ஸம்மாவின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அவர் எங்கிருந்தாலும் ஆண்டவர் அவரை ஆசீர்வதிப்பாராக. அவர் ஊசி போட்ட பிள்ளை அதற்குப் பிறகும் எத்தனையோ முறை இருமினாள், எத்தனையோ முறை அக்கா நடுங்கினார். இன்று வாசலில் நின்று இந்த மலரை உங்கள் கையில் கொடுத்தவள் அவள்தான்.