விரலை மடக்கி

பனி என்றால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் பயமில்லை. மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று சொல்லிக்கொண்டே போர்வைக்குள் புகுந்துகொள்வோம், அவ்வளவுதான். அது எங்கள் மாந்தோப்பைத் துளைக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் அப்பாவின் தோப்பு. முந்தின வருடமும் பூ நிற்கவில்லை. அதனால் தை பிறந்ததுமே அப்பா சொல்லிவிட்டார்: "இந்த வருசமும் போச்சுன்னா மரத்த வெட்டீட்டு குச்சிக்கெழங்கு போட்டரலாம்." மரவள்ளி போடுவது என்றால் போடுவதுதான், அவர் சொன்னால் சொன்னதுதான். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்காது. என்னிடமும் அதுவேதான் இருக்கிறது.

அந்தத் தையில் இலை தெரியாமல் பூத்தது. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பூவையோ பிஞ்சையோ விரல் நீட்டிக் காட்டக்கூடாது, அழுகி விழுந்துவிடும். விரலை மடக்கித்தான் காட்ட வேண்டும். சின்ன வயதில் மறந்துபோய் நீட்டி, அப்பாவிடம் கையிலேயே அடி வாங்கியிருக்கிறேன். சேலத்தில் வேலைக்குப் போய், இதெல்லாம் மூடநம்பிக்கை என்று அவரிடமே வாதாடிய பிறகும், கடையில் பூசணிக்காயைக்கூட மடக்கிய விரலால்தான் காட்டுகிறேன். விரலில் அடிபட்டுவிட்டதா என்று கடைக்காரர் கேட்பார்.

மாசியில் மலைப்பக்கமிருந்து மூடுபனி இறங்கியது. நாள் கணக்கில் வெயில் முகம் காட்டவில்லை. அப்பா விடியலில் சருகைக் கூட்டிப் புகை போட்டுப் பார்த்தார். பனி விலகியபோது பூங்கொத்தெல்லாம் அடுப்படிக் கரித்துணியாகக் கறுத்திருந்தது. தொட்டால் உள்ளங்கையில் தூளாகக் கொட்டியது. அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "சோறு ஆறுது, வாங்க" என்று அப்பாவைக் கூப்பிட்டாள். எல்லோரும் சாப்பிட்டோம். அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. ரசம் நன்றாக இருந்தது, இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டேன்.

பங்குனியில் மர வியாபாரி வந்தார். அறுக்கவேண்டிய மரங்களுக்கு அவர் சுண்ணாம்பு வைக்க, அப்பா முன்னால் நடந்தார். கையை நேராக நீட்டி, சுட்டுவிரலால், "இதுங்க, அதுங்க" என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். தோப்புக்குள் அந்த விரல் நீண்டு நான் பார்த்ததே இல்லை. நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்கலாம். எனக்குள் ஒன்றும் அசையவில்லை. யாருடைய மரத்தையோ காட்டுகிற மாதிரி பார்த்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

கடைசியில் கிணற்றோரத்தில் இருந்த குண்டு ரக மாமரம். மோட்டார் அறையின் மறைவில் இருந்த தாழ்ந்த கிளையில் நாலைந்து பிஞ்சு தப்பியிருந்தது. வியாபாரியும் அதைப் பார்த்துவிட்டார்.

"இது காய் புடிச்சிருக்குதுங்களே. உட்டரலாமுங்களா?"

அப்பா அந்தக் கிளைக்குக் கீழே போய் அண்ணாந்து பார்த்தார்.

"வேண்டாமுங்க. இதையுஞ் சேத்துக்குங்க."

சொல்லிக்கொண்டே அந்த மரத்தைக் காட்டினார், விரலை மடக்கி.