பட்டனை அழுத்தினால் ரொட்டி வந்துவிடுமாம்!

எந்தத் தொழில் செய்தாலும் ஒரு மரியாதை உண்டு. ரொட்டி மெஷினை வைத்து வீட்டில் ரொட்டி சுட்டு விற்கும் தொழிலுக்கு மட்டும் அது கிடையாது. கையால் பிசைந்து சுட்டால் கைப்பக்குவம் என்பார்கள். பேக்கரியில் பெரிய மெஷினில் சுட்டால் தரம் என்பார்கள். நம்மைப்போல் சமையலறை மேடையில் சின்ன மெஷினில் சுட்டால் மட்டும், "பட்டன அழுத்துறதத் தவிர இதுல ஒனக்கு என்ன வேல?" என்பார்கள். ஆசையாக மெஷின் வாங்கி, பாதி ரொட்டியைக் குப்பையில் போட்டு, மீதிப் பாதிக்குப் பேச்சு வாங்கிக் கட்டிக்கொண்ட சகோதர சகோதரிகளே, உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் லோகேஸ்வரி, ஊர் மலேசியாவில் ஜொகூர் மாநிலத்து யோங் பெங். பதிமூன்று வருஷம் சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை. வாரத்தில் ஐந்து நாள் எல்லையோர ஜொகூர் பாருவில் ஒரே அறையில் ஆறு பெண்கள். சனி, ஞாயிறு மட்டும்தான் வீடு. என் மகள் பெரியவள் ஆன செய்தியைக்கூட நான் எல்லைச் சோதனை வரிசையில் நின்றுகொண்டு போனில்தான் கேட்டேன். அன்றைக்கு அழுத மாதிரி நான் என்றைக்கும் அழுததில்லை. இந்த வருஷம் வேலையை விட்டுவிட்டேன். செம்பனை எண்ணெய் லாரி ஓட்டும் என் கணவர் கோபால் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "தீபாவளி வரைக்கும் பாரு. ஒரு கடை ஆர்டராவது நெலையா கெடச்சா வீட்லயே இரு. இல்லாட்டி திரும்பப் போயிரு." தீபாவளி வரை என் இடத்தை யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று சூப்பர்வைசரும் சொல்லியிருந்தாள். ஆக, நான் வீட்டில் இருப்பதா, மறுபடியும் அந்த அறைக்கே போவதா என்பது என் ரொட்டியின் கையில் இருந்தது.

வேடிக்கை பார்க்கும் வேலை

பக்கத்து வீட்டு சாந்தி அக்கா ஒரு நாள் நான் ரொட்டி போடுவதைப் பார்க்க வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தராசில் மாவை நிறுத்தேன். உப்பை ஒரு மூலையில், சர்க்கரையை இன்னொரு மூலையில் போட்டு, நடுவில் குழி பறித்து ஈஸ்ட்டை வைத்தேன். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து சில்லென்ற தண்ணீரை எடுத்து ஊற்றினேன். மெஷினோடு வந்த புத்தகத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் என்றுதான் போட்டிருக்கிறது. அதை எழுதியவன் குளிர் நாட்டுக்காரன். ஜொகூர் வெயிலில் அவன் பேச்சைக் கேட்டால் மாவு பொங்கி மூடியில் போய் முட்டும். முதல் பதினோரு ரொட்டியைப் பறிகொடுத்துத்தான் இதைக் கற்றுக்கொண்டேன்.

பிசையும்போது நடுவில் திறந்து விரலால் தொட்டுப் பார்த்தேன். வெளியில் மழை, மாவு ஒட்டியது, ஒரு கரண்டி மாவு சேர்த்தேன். மறுபடி தொட்டுப் பார்த்தேன். எல்லாவற்றையும் கண்கொட்டாமல் பார்த்த அக்கா எழுந்து, சேலையை உதறிக்கொண்டு சொன்னார்: "அவ்ளோதானா? மிஷினு செய்யுது, நீ வேடிக்க பாக்குற. இதுக்காகவா லோகா இருந்த வேலையை விட்டுட்டு வந்த?"

காஹாங் டீச்சர்

ஒரு மெஷின் மூன்று மணி நேரத்துக்கு ஒரு ரொட்டிதான் தரும். கடை ஆர்டர் பிடிக்க வேண்டுமென்றால் அது போதாது. கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் ஊரே ரொட்டி மெஷின் வாங்கியதும், கட்டுப்பாடு முடிந்ததும் ஊரே அதை ஸ்டோர் ரூமில் போட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். அப்படித் தூங்கிக்கொண்டிருந்த இரண்டைத் தேடிப் பிடித்தேன். அதில் ஒன்று காஹாங்கில் ஒரு டீச்சர் வீட்டில் இருந்தது. புதுசு போலவே இருந்தது, ஆனால் பாத்திரத்துக்குள் சின்ன வெங்காயம் கொட்டி வைத்திருந்தார்.

"ஒரு தடவதான் போட்டேன். சப்பாத்திக்கு வாங்குற ஆட்டா மாவுலயே போட்டுட்டேன்" என்றார். அந்த ரொட்டியைக் கத்தியால் வெட்ட முடியாமல் அவர் கணவர் மரம் அறுக்கும் வாளை எடுத்து வந்தாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையெல்லாம் பள்ளிக்கூடத்தில் கத்திவிட்டு வந்து ரொட்டியும் சுட நினைத்த மனுஷிக்கு வாளா? காரில் தூக்கி வைக்க உதவி செய்துகொண்டே டீச்சர் மெதுவாகச் சொன்னார்: "கொண்டு போயிருங்கம்மா. எங்க வீட்டுக்காரரு இதப் பாக்குறப்பல்லாம் சிரிக்கிறாரு."

எலி

இப்போதெல்லாம் கடைசித் தடவை பிசைந்து முடித்ததும் ஈரக் கையை விட்டு, மாவுக்கு அடியில் இருக்கும் பிளேடை உருவி எடுத்துவிட்டுத்தான் ரொட்டியை உப்ப விடுகிறேன். அதற்குக் காரணம் மாணிக்கம் ஐயா. எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் தாமான் குடியிருப்பில் மூன்றாவது வரிசையில் இருக்கிறார். ஒரு நாள் காலையில் நான் விற்ற ரொட்டியைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்து, கவிழ்த்துக் காட்டி, "எலி கடிச்சிருக்கு" என்றார்.

என் வீட்டில் எலியா! தினமும் இரண்டு தடவை தரை துடைக்கிறவள் நான். கோபத்தை அடக்கிக்கொண்டு, "ஐயா, அது எலி இல்லீங்க. மாவு பிசையுற பிளேடு அடியில மாட்டியிருக்கும். ரொட்டிய எடுக்குறப்ப அந்த எடத்துல ஓட்ட விழும்" என்று விளக்கினேன். ஐயா கண்ணாடியைப் போட்டு ஓட்டைக்குள் உற்றுப் பார்த்தார். பிறகு ரொட்டியை மேசைமேல் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் தள்ளி நின்றார். "எலின்னாக்கூட நான் சும்மா இருந்திருப்பேம்மா. பிளேடுன்னு சொல்லிட்டியே!"

எழுதி ஒட்டியது

ரைஸ் குக்கரோடு வாழ்ந்து பழகிய ஆண்களை ரொட்டி மெஷின் பக்கம் விடாதீர்கள். என் கணவருக்கு மூடி என்று ஒன்று இருந்தால் திறந்து பார்க்க வேண்டும். சோறு வெந்ததா, குழம்பு கொதித்ததா, எல்லாம் திறந்து பார்த்தே வளர்ந்த உடம்பு. ரொட்டி உப்பி, சுடத் தொடங்குகிற நேரத்தில் திறந்தால் சூடு போய் நடுவில் பள்ளம் விழுந்துவிடும். ஒரே மாதத்தில் மூன்று ரொட்டியைப் பள்ளமாக்கினார்.

கடைசியில் பெரிய எழுத்தில் 'திறக்காதே' என்று எழுதி மெஷின்மேல் ஒட்டினேன். அன்றைக்கு மாலையே நான்காவது பள்ளம். நான் கத்திய கத்தலில் சாந்தி அக்கா வீட்டு நாய் குரைத்தது. மனுஷர் கொஞ்சம்கூடத் தயங்காமல் காரணம் சொன்னார்: "தொறக்காதன்னு எழுதியிருந்துச்சு. உள்ள என்னமோ ஆயிருச்சு போலன்னு பயந்து தொறந்து பாத்தேன்."

புரட்டாசியில் ஓர் உயிர்

புரட்டாசி மாதம் எனக்கு வரமாக வந்தது. தாமானில் பாதி வீட்டில் விரதம். முட்டை சேர்க்காத ரொட்டி கடையில் சுலபமாகக் கிடைக்காது. சாந்தி அக்காவே கோயில் பெண்களிடம் பேசி, பத்து வீட்டு ஆர்டர் பிடித்துக் கொடுத்தார். இதைச் சொல்லாமல் விட்டால் பாவம் வந்து சேரும்.

இரண்டாவது வாரம், மாவில் ஏன் குமிழ் வருகிறது என்று அக்கா கேட்டார். யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டுவிட்டாரே என்ற பூரிப்பில் என் வாய் சும்மா இருக்கவில்லை. ஈஸ்ட் என்பது ஓர் உயிர், அது சர்க்கரையைத் தின்று மூச்சு விடுகிறது, அந்த மூச்சில்தான் ரொட்டி உப்புகிறது என்று வகுப்பே எடுத்தேன். "சுடுறப்ப அதுக்கு என்னாவும்?" என்று கேட்டார். "செத்துரும்க்கா" என்றேன். அலமாக், அந்த நாக்கை அப்போதே கடித்திருக்க வேண்டும். மறுநாள் பத்து வீடும் ரொட்டி வேண்டாம் என்றுவிட்டது.

நான் சண்டைக்கே போனேன். இட்லி மாவு எப்படிப் புளிக்கிறது, தயிர் எப்படி உறைகிறது, எல்லாம் இதே கதைதானே என்று கேட்டேன். அக்கா வருத்தமாகவே பதில் சொன்னார்: "இட்லி மாவுல என்னா இருக்குன்னு எனக்குத் தெரியாது லோகா. இதுல இருக்குறது தெரிஞ்சு போச்சே, நான் என்னா செய்ய?"

முறுக்கு மாவு

தீபாவளிக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது யூசுப் பாய் வழி விட்டார். நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் பஸ்கள் நிற்கும் இடத்தில் அவர் சாப்பாட்டுக் கடை. காலையில் காயா என்கிற தேங்காய்ப்பால் ஜாம் தடவிய சுட்ட ரொட்டியும் அரைவேக்காட்டு முட்டையும் அங்கே பிரசித்தம். ஒரு வாரம் தினமும் ஆறு ரொட்டி கொடுத்துப் பார், வாடிக்கையாளர்களுக்குப் பிடித்தால் நிரந்தரமாக எடுத்துக்கொள்கிறேன் என்றார். மூன்று மெஷின், மதியம் ஒரு சுற்று, சாயங்காலம் ஒரு சுற்று, ஆறு ரொட்டி. இரவு ஆறவைத்து, காலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆறு நாள் ஒரு குறையும் வரவில்லை. ஏழாம் நாள் முடிவு சொல்வதாக இருந்தார்.

ஆறாம் நாள் காலை, கடையில் ரொட்டியைக் கொடுத்த கையோடு மாவு வாங்கக் குளுவாங் டவுனுக்குப் போய்விட்டு மதியம் திரும்பினேன். வாசலிலேயே ரப்பர் கருகும் வாசம். சமையலறையில் மூன்று மெஷினும் திறந்து கிடந்தன. சாந்தி அக்கா தீபாவளி முறுக்குக்கு மாவு பிசைய வந்திருக்கிறார். அரிசி மாவும் உளுந்து மாவும் வெண்ணெயும் போட்ட கெட்டி மாவு. "தாராளமா போட்டுக்குங்க" என்று கோபால் அனுமதி கொடுத்துவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டார். முதல் மெஷின் இரண்டு சுற்று சுற்றி முக்கி நின்றிருக்கிறது. அது கெட்டுப்போன மெஷின் போல என்று மாவை இரண்டாவதில் மாற்றியிருக்கிறார். அதுவும் நின்றதும் மூன்றாவது.

மூன்றிலும் பெல்ட் போய்விட்டது. புது பெல்ட் வர ஒரு வாரமாவது ஆகும். மறுநாள்தான் என் தலையெழுத்தே முடிவாகப் போகிறது. நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அக்கா என் முதுகைத் தடவிக்கொண்டு ஆறுதல் சொன்னார்: "மூணுமே இப்படி மட்டமான சாமானா வாங்கியிருக்கியே லோகா. நல்ல வேள, எங்கிட்ட மாட்டுச்சு. கடைக்கு ரொட்டி சுடுறப்ப நின்னிருந்தா என்னா ஆயிருக்கும்?"

ஏழாம் நாள் ரொட்டி

அழுதது போதும் என்று எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு மாவை எடுத்தேன். ஆறு ரொட்டிக்கான மாவையும் கையாலேயே பிசைந்தேன். சாந்தி அக்கா மேல் இருந்த கோபம், டிவி பார்த்தவர் மேல் இருந்த கோபம், பட்டன் பட்டன் என்றவர்கள் எல்லார் மேலும் இருந்த கோபம், மொத்தத்தையும் அந்த மாவில் இறக்கினேன். மணிக்கட்டு வீங்கிவிட்டது. தொழிற்சாலைப் பழக்கம் விடுமா? ஒவ்வொரு உருண்டையையும் கிராம் தவறாமல் நிறுத்து, ஒரே அளவு தகர அச்சில் வைத்து, தீபாவளி பிஸ்கட் சுடும் ஓவனில் இரண்டிரண்டாகச் சுட்டேன். பொன்னிறமாக, ஆறும் அச்சு அசலாக ஒரே மாதிரி வந்தன. இனி எவளும் என்னைப் பார்த்துப் பட்டன் என்று சொல்ல முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் பாய் ஆறு ரொட்டியையும் வரிசையாக அடுக்கி வைத்துப் பார்த்தார். ஒன்றைப் பிட்டு வாயில் போட்டார். முகம் சுருங்கியது. "என்ன தங்கச்சி, எங்கிட்டயே இந்த வேலையா? இது மிஷின் ரொட்டிலா. பாருங்க, அச்சடிச்ச மாதிரி இருக்கு. நீங்க கொண்டு வர்றதுல ஒண்ணு கோணலா இருக்கும், ஒண்ணு மண்ட வீங்கியிருக்கும், ஒண்ணு ஒரு பக்கமா சாஞ்சு கெடக்கும். அதப் பாத்துத்தான் கை ரொட்டின்னு கஸ்டமர் கேட்டுக் கேட்டுச் சாப்பிடுறாங்க" என்றார். மெஷினில் சுட்டால் மேல்பக்கம் கோணலாகத்தான் வரும். அது உங்களுக்கும் எனக்கும் தெரியும்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பொய் சொல்லவும் மனசு வரவில்லை. "பாய், ஆறு நாளும் குடுத்ததுதான் மிஷின் ரொட்டி. இன்னிக்குத்தான் என் கையால பெசஞ்சேன். இங்க பாருங்க, வீங்கியிருக்கு" என்று கையை நீட்டினேன். பாய் சிரித்தார். நான் மறுபடியும் சொன்னேன். மறுபடியும் சிரித்தார். பிறகு பெரிய மனசு பண்ணி மன்னித்தார்: "கோவப்படாதீங்க தங்கச்சி. முடியாத அன்னிக்கு முடியலன்னு சொல்லிருங்க, கடையில வாங்கியாந்து என் தலையில கட்டாதீங்க. தீபாவளி முடிஞ்சதும் தினம் ஆறு கொண்டாங்க, நிரந்தரமா எடுத்துக்குறேன். ஆனா பழையபடி உங்க கையால செஞ்சதா இருக்கணும்!"

மெஷினில் சுட்டதைக் கை ரொட்டி என்றும், கையால் சுட்டதை மெஷின் ரொட்டி என்றும் சொல்லும் இந்த உலகத்தின் மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை என்றாலும், இப்போது என் மகளோடு என் வீட்டிலேயே இருந்துகொண்டு நான் கோபப்படுகிறேன்.