உள்ளி உரிக்கும் ரைஹானத்

“சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி...” ஊறிய சின்ன வெங்காயத்தின் தலையைச் சீவி, ஒரே இழுப்பில் தோலை உருவிப் போடுகிறாள் ரைஹானத். “பச்சையாறு, சிற்றாறு.” தாமிரபரணியில் வந்து சேரும் ஆறுகளை வரிசையாகச் சொல்லி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். பேட்டையில் அவள் வீட்டு வாசலில் காலையில் இறங்கும் மூட்டை, சாயங்காலம் உரித்த உள்ளியாக ஹோட்டலுக்குப் போய்விட வேண்டும். கண் எரிவது எப்போதோ நின்றுவிட்டது. விரல் வெடிப்பில் தண்ணீர் படும்போதுதான் முகம் சுளிப்பாள்.

ஆறுகளின் பெயரைச் சொல்லிக்கொடுத்தது ஒன்பதாம் வகுப்பு சங்கரி டீச்சர். கரும்பலகையில் இந்தியப் படம் வரைய டீச்சர் கூப்பிடுவது ரைஹானத்தைத்தான். குஜராத்தில் வைத்த சாக்பீஸை எடுக்காமல், கன்னியாகுமரியைச் சுற்றிக்கொண்டு வங்காளம் வரை போய்விடுவாள். “கிளாஸே கை தட்டும்ளா! கையெல்லாம் சாக்பீஸு, தாவணியெல்லாம் சாக்பீஸு” என்று மகளிடம் சொல்லும்போது அந்தப் பள்ளிக்கூடத்துப் பெண் அவள் முகத்தில் எட்டிப் பார்ப்பாள். அந்த வருஷமே வாப்பா மௌத்தாகி, அடக்கம் முடிந்த கையோடு புத்தகப் பை இருந்த மடிக்குப் பீடித் தட்டு வந்தது. பிறகு கல்யாணம். வளைகுடாவுக்குப் போன கணவனிடமிருந்து போன் வருவது நின்றே வருஷக்கணக்காகிறது.

மகள் ஃபஹ்மிதா பிளஸ் டூ படிக்கிறாள். போன மாதம் பக்கத்து வீட்டு சுபைதா பேகம் வந்து, “பிள்ளைய மில்லு வேலைக்கு அனுப்பேம்ளா. தங்க எடம், சாப்பாடு எல்லாம் அங்கனயே. ஒனக்கும் ஒரு வயிறு கொறையும்லா” என்றாள்.

ரைஹானத் தலை நிமிரவில்லை. “பரீச்சை எழுதட்டும் ராத்தா” என்றாள். இன்னொரு உள்ளியை உரித்துப் போட்டுவிட்டு, “அதுக்குப் பொறவும் படிக்கட்டும்” என்றாள்.

அந்த வாரம் வீட்டில் இரண்டு வேளையும் கஞ்சிதான். உம்மா தன் பங்கில் வெறும் நீரை ஊற்றிக்கொள்வதை ஃபஹ்மிதா பார்த்துவிட்டாள். மறுநாள் ரைஹானத் கடைக்குப் போய்த் திரும்பியபோது, சீருடை கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. மகள் கத்தியும் கையுமாக மூட்டைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உரித்த உள்ளி ஒரு குவியல்.

“ரெண்டு பேரா உரிச்சா இன்னொரு மூட்டை வாங்கலாம்லா உம்மா.”

ரைஹானத் கத்தியை வாங்கிக் கீழே வைத்தாள். “எந்திரி. ரெண்டாவது பீரியடுக்காவது போயிரலாம்” என்றவள், மகளின் கையை இழுத்து மோந்து பார்த்தாள். உள்ளி வாடை. பின் அடுப்படியிலிருந்து கொஞ்சம் புளியும் உப்பும் எடுத்துவந்து, அந்த விரல்களை ஒவ்வொன்றாக, நகக்கண் வரைக்கும் தேய்த்துக் கழுவத் தொடங்கினாள்.