நிறை பார்க்கப் போன காலை

மாமரக் கிளையில் தராசைத் தொங்கவிட்டுக் குழந்தையின் நிறை பார்த்தார் என் சின்னம்மா. செவ்வாய்க்கிழமை, பத்து மணி கடந்திருந்தது. என் நாட்குறிப்பில் அப்படித்தான் இருக்கிறது. கனகராயன்குளம் பகுதியில் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் வீடுவீடாகப் போய்ப் பார்க்கும் மருத்துவமாது அவர்தான். அவருடைய ஸ்கூட்டி பழுதாகியிருந்ததால் அன்று என் மோட்டார் சைக்கிளில் நானே கூட்டிப் போயிருந்தேன். குழந்தையின் தாய் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள். கடைசிக்கு ஒன்பது மாதம். "என்ன பிள்ளை, முகம் வெளிறிக் கிடக்கு?" என்று சின்னம்மா கேட்டார். "ஒண்டுமில்லை மிஸ். உங்கட மகன்ர மோட்டார் சைக்கிள் சத்தத்தில பயந்திட்டன்." மூவரும் சிரித்தோம்.

அன்று பின்னேரம் அவள் இறந்துபோனாள். மறுபடி கரு தங்கியிருந்தது. அதைக் கலைக்க யாரிடமோ இரகசியமாக மாத்திரை வாங்கியிருக்கிறாள். நாங்கள் சிரித்த நேரத்திலும் அவளுக்கு இரத்தம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. "எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே" என்று செத்தவீட்டில் சின்னம்மா அழுதார். அவளுடைய கணவன் தலை நிமிராமல் சொன்னான்: "பொலிஸ் பிடிக்கும் எண்டு நீங்கள்தானே மிஸ் கிளினிக்கில சொன்னனீங்கள்."

சொல்லியிருந்தார். ஒவ்வொரு கிளினிக்கிலும் சொல்வார். தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கும், வெள்ளைக்காரர் காலத்துச் சட்டம் அது. மற்றபடி செய்தவருக்கும் செய்துகொண்டவளுக்கும் தண்டனை. கள்ள மாத்திரையிலிருந்து பெண்களை மறிக்க அந்தப் பயத்தைத் தவிர வேறொன்றும் சின்னம்மாவின் கையில் இருக்கவில்லை. பயந்தவர்கள் மாத்திரையை விடவில்லை. அவரிடம் வாய் திறப்பதைத்தான் விட்டார்கள்.

சின்னம்மா இப்போது ஓய்வுபெற்று வட்டக்கச்சியில் இருக்கிறார். சட்டம் அப்படியே இருக்கிறது. அந்தச் சாவுக்குப் பிறகு நடந்த முதல் கிளினிக்கைப் பற்றி எழுதிவைத்ததை இன்று திரும்ப வாசித்தேன். "இரத்தம் போனால் உடன வாங்கோ. எப்பிடி எண்டு நான் கேக்கமாட்டன்" என்றார் சின்னம்மா. பின்வரிசை வாங்கில் இருந்த ஒருத்தி கேட்டாள்: "அப்ப பொலிஸ் வராதோ மிஸ்?" வராது என்று சொல்லிவிட அவருக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்கும். "அது என்ர கையில இல்லைப் பிள்ளை. நீங்கள் உயிரோட வந்தால், நான் உங்களோட நிப்பன்."

அந்த மாதம் முழுவதும் சின்னம்மா வீட்டுப் படலையைப் பூட்டவில்லை. ஒருவரும் வரவில்லை என்றே எழுதியிருக்கிறேன்.